சாவியை யாரிடம் கொடுக்கிறோம்? (ஹெல்ம், டில்லர், கிளஸ்டர்)

குபர்நெட்டீஸ் பழகலாம் என்று உட்கார்ந்து எந்த வழிகாட்டியைப் பிரித்தாலும் ஆரம்பத்திலேயே இரண்டு வரி இருக்கும். முதல் வரி: கருவியை உங்கள் கணினியில் நிறுவுங்கள். இரண்டாவது வரி: அதை கிளஸ்டரிலும் நிறுவுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். இரண்டுக்கும் ஒரு காப்பி, ஒரு பேஸ்ட், ஒரு என்டர். ஆகவே இரண்டும் ஒரே எடையுள்ள வேலை என்று நமக்குத் தோன்றிவிடுகிறது.

என் கட்சி என்னவென்றால், இந்த இரண்டு வரிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதல் வரி, நமக்கென்று ஒரு ஸ்க்ரூடிரைவர் வாங்கிக்கொள்வது. இரண்டாவது, வீட்டுச் சாவியை ஒரு ஆளிடம் கொடுத்து "நான் இல்லாவிட்டாலும் நீயே வந்து வேலையைப் பார்த்துக்கொள்" என்று சொல்வது. நிஜ வீட்டுக்கு ஆளை விசாரிக்காமல் சாவி கொடுப்போமா? கிளஸ்டருக்கு மட்டும் தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் :-(

சும்மா பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இதற்கு ஒரு முழு வரலாறே இருக்கிறது. அந்த வரலாற்றின் பெயர் டில்லர்.

முதலில் பெயர்ப் பொருத்தம்

குபர்நெட்டீஸ் என்பது கிரேக்கச் சொல். கப்பலைச் செலுத்துகிறவர் என்று பொருள். நம்மிடம் அதற்கு 'மீகாமன்' என்று அழகான பழைய சொல் இருக்கிறது. 2014ல் கூகுள் இதை வெளியிட்டது, 2015 ஜூலையில் 1.0 வந்தது. அதே 2015ல் டெய்ஸ் என்ற நிறுவனத்தில் ஹெல்ம் பிறந்தது. ஹெல்ம் என்றால் சுக்கான். ஹெல்மின் இரண்டாம் பதிப்பு 2016ல் வந்தபோது கிளஸ்டருக்குள் உட்காரும் பகுதிக்கு டில்லர் என்று பெயர் வைத்தார்கள். டில்லர் என்றால் சுக்கானைத் திருப்பும் கைப்பிடி. பெயர் வைத்தவர்கள் கப்பல் பைத்தியங்கள் போல.

ஹெல்ம் என்ன செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு ஒரு பாரா. குபர்நெட்டீஸில் ஒரு சாதாரண வலைச் செயலியை ஏற்றவேண்டும் என்றால்கூட டிப்ளாய்மென்ட், சர்வீஸ், கான்ஃபிக்மேப், சீக்ரெட், இன்கிரஸ் என்று வரிசையாக யாமல் கோப்புகள் எழுதவேண்டும். சோதனைக்கு ஒரு செட், நிஜப் பயன்பாட்டுக்கு ஒரு செட் என்றால் எல்லாம் இரட்டிப்பு. ஹெல்ம் இந்தக் கோப்புகளை வார்ப்புருக்களாக்கி 'சார்ட்' என்ற ஒரே பொதியில் கட்டிவிடுகிறது. மாறுகிற விஷயங்களை மட்டும் ஒரு வேல்யூஸ் கோப்பில் கொடுத்தால் போதும். நிறுவிய ஒவ்வொன்றும் ஒரு 'ரிலீஸ்'. பிடிக்கவில்லை என்றால் முந்தைய ரிலீஸுக்குத் திரும்பலாம். நிஜமாகவே வசதியான சமாச்சாரம். அதில் எனக்குச் சண்டை இல்லை.

டில்லர் செய்த வேலை

ஹெல்ம் 2ல் நம் கணினியில் இருப்பது வெறும் தூதுவன். நாம் கட்டளை கொடுத்தால் அது கிளஸ்டருக்குள் இருக்கும் டில்லரிடம் போய்ச் சொல்லும். உண்மையில் பொருட்களை உருவாக்குவது, அழிப்பது எல்லாம் டில்லர்தான். இந்த டில்லரைக் கிளஸ்டரில் ஏற்ற 'ஹெல்ம் இனிட்' என்று ஒரு கட்டளை. அவ்வளவுதான். அடித்தவுடன் கியூப்-சிஸ்டம் என்ற நேம்ஸ்பேஸில், அதாவது கிளஸ்டரின் மூலஸ்தானத்தில், டில்லர் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இங்கேதான் கேள்வி. டில்லர் வேலை செய்வது யார் பெயரில்? உங்கள் பெயரில் இல்லை. அதன் சொந்த சர்வீஸ் அக்கவுன்ட் பெயரில். உங்களுக்கு ஒரே ஒரு நேம்ஸ்பேஸில் மட்டும் அனுமதி இருக்கலாம். டில்லருக்கு எல்லா இடத்திலும் அனுமதி இருந்தால், டில்லரிடம் பேசத் தெரிந்த உங்களுக்கும் எல்லா இடத்திலும் அனுமதி கிடைத்த மாதிரிதான். தாசில்தார் கையெழுத்துக்கு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டிய இடத்தில், அவருடைய ரப்பர் ஸ்டாம்ப் வாசல் மேஜையிலேயே கிடக்கிற கதை.

அந்த மேஜைக்குப் பூட்டும் கிடையாது. இயல்பு நிலையில் டில்லர் 44134 என்ற போர்ட்டில் எந்த அடையாளச் சோதனையும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கும். டிஎல்எஸ் சான்றிதழ் வைத்துப் பூட்டும் வசதி இருந்தது, ஆனால் நாமாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். கிளஸ்டருக்குள் ஓடும் ஏதோ ஒரு பாட், உதாரணமாக ஓட்டை விழுந்த ஒரு பழைய வலைப்பக்கம், அதிலிருந்து டில்லரைக் கூப்பிட்டு 'இதை நிறுவு' என்றால் அது நிறுவிவிடும். ஒரு ஓட்டை வழியாக உள்ளே வந்தவருக்கு முழு வீடும் சொந்தம்.

உண்மையைச் சொன்ன எர்ரர்

2017 மார்ச்சில் குபர்நெட்டீஸ் 1.6 வந்தது. யார் எதைச் செய்யலாம் என்று பதவி வாரியாக அனுமதி பிரிக்கும் ஆர்பேக் முறை அதில் பீட்டா நிலைக்கு வந்து, பல இடங்களில் தானாகவே இயங்க ஆரம்பித்தது. உடனே டில்லர் படுத்துவிட்டது. 'கியூப்-சிஸ்டத்தின் டிஃபால்ட் சர்வீஸ் அக்கவுன்டுக்கு கான்ஃபிக்மேப்களைப் பட்டியலிட அனுமதி இல்லை' என்ற பொருளில் ஒரு எர்ரர். ஹெல்ம் 2 தன் ரிலீஸ் கணக்கை கான்ஃபிக்மேப்பில்தான் வைத்திருந்தது, அதனால் அதைப் படிக்காமல் ஒரு அடிகூட நகர முடியாது.

யோசித்துப் பாருங்கள், அந்த எர்ரர் நமக்கு எவ்வளவு நல்லது செய்தது! 'இந்த ஆளுக்கு என்னென்ன அனுமதி தரப்போகிறீர்கள்?' என்று முதல் தடவையாக ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கு உலகம் கொடுத்த பதில் என்ன? டில்லருக்குக் கிளஸ்டர்-அட்மின் பதவியைக் கொடுத்துவிடு என்ற ஒரு வரி. அந்த வரி இணையம் முழுக்கப் பரவியது. கேள்வி-பதில் தளங்களில், நிறுவல் குறிப்புகளில், எங்கே தேடினாலும் அதேதான். எர்ரர் போய்விட்டது, வேலை ஓடியது, எல்லோருக்கும் சந்தோஷம். தலைவலிக்குத் தலையை எடுத்த வைத்தியம் :-)

இதில் ஹெல்ம் செய்தவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. டில்லர் வடிவமைக்கப்பட்டபோது ஆர்பேக் நிலைபெறவே இல்லை. பாதுகாப்பாக நிறுவுவது எப்படி என்று அவர்களே தனியாக ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு ஒற்றை வரிப் பதிலைத் தேடிப்போனது பயன்படுத்தியவர்கள்தான்.

கடைசியில் 2019 நவம்பரில் ஹெல்ம் 3 வந்தபோது டில்லரையே தூக்கிவிட்டார்கள். இப்போது ஹெல்ம் நம் கணினியிலிருந்து நேரடியாகக் குபர்நெட்டீஸிடம் பேசுகிறது, நம்முடைய அனுமதியை மட்டும் வைத்துக்கொண்டு. நமக்கு முடியாதது ஹெல்முக்கும் முடியாது. ரிலீஸ் கணக்கும் அந்தந்த நேம்ஸ்பேஸுக்குள்ளேயே சீக்ரெட்டாக உட்கார்ந்துகொள்கிறது. 2020 நவம்பரோடு ஹெல்ம் 2க்கான ஆதரவு முடிந்தது.

'அதான் போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தப் பழங்கதை?'

நியாயமான கேள்வி. டில்லர் போய்விட்டது, டில்லர் மாதிரியான ஆட்கள் போகவில்லை. ஆர்கோ சிடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் சிஎன்சிஎஃப் அமைப்பின் பட்டம் பெற்ற திட்டம் அது, வேலைக்குப் போகிற பலரும் கட்டாயம் சந்திப்பார்கள். கிட் களஞ்சியத்தில் என்ன இருக்கிறதோ அதையே கிளஸ்டரிலும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது அதன் வேலை. நிறுவுவது? ஒரு நேம்ஸ்பேஸ் உருவாக்கு, ஒரு யாமல் கோப்பை அப்ளை செய். மறுபடியும் அதே ஒரு வரி!

ஆர்கோ சிடியின் அணுகுமுறை நல்லது என்பதை ஒத்துக்கொள்கிறேன். வெளியே இருக்கும் ஒரு பில்ட் சர்வரிடம் கிளஸ்டரின் சாவியைக் கொடுத்து உள்ளே தள்ளச் சொல்வதைவிட, உள்ளே இருப்பவர் வெளியே எட்டிப் பார்த்து எடுத்துக்கொள்வது மேல். சாவி வாசலைத் தாண்டவேண்டியதில்லை. ஆனால் சாவி என்று ஒன்று இருக்கிறது, அது யாரோ ஒருவர் கையில் இருக்கிறது என்பது மாறவில்லை. வழக்கமான நிறுவலில் அதன் கண்ட்ரோலருக்குக் கிளஸ்டர் முழுக்க அதிகாரம் உண்டு. நேம்ஸ்பேஸ் அளவிலேயே அதிகாரம் போதும் என்கிறவர்களுக்குத் தனியாக ஒரு நிறுவல் கோப்பும் வைத்திருக்கிறார்கள். முதல் கோப்பை எடுப்பவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைத் திறந்தாவது பார்க்கிறோம்?

இன்னொன்று. ஆர்கோ சிடியில் 'டிஃபால்ட்' என்று ஒரு ப்ராஜெக்ட் தானாகவே இருக்கும். எந்தக் களஞ்சியத்திலிருந்தும், எந்த இடத்துக்கும், எந்த வகைப் பொருளையும் ஏற்றலாம் என்பது அதன் ஆரம்ப நிலை. அப்படியென்றால் அந்தக் கிட் களஞ்சியத்தில் எழுதும் உரிமை யாருக்கெல்லாம் இருக்கிறதோ அவர்கள் எல்லோரும் கிளஸ்டரின் நிர்வாகிகள். டீமில் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கிட் அனுமதி கொடுக்கும்போது இதை யாராவது நினைத்துப் பார்ப்பார்களா? முதல் கடவுச்சொல்லும் ஒரு சீக்ரெட்டில் கிடக்கும். அதை மாற்றிவிட்டு அந்த சீக்ரெட்டை அழித்துவிடுங்கள் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

'நம்ம காலேஜ் ப்ராஜெக்டை யார் ஹேக் பண்ணப் போறாங்க?'

வகுப்பில் இந்தப் பேச்சை எடுத்தால் வருகிற முதல் பதில் இது. 2018 பிப்ரவரியில் வெளியான ஒரு செய்தியைச் சொல்கிறேன். டெஸ்லா நிறுவனத்தின் குபர்நெட்டீஸ் நிர்வாகப் பக்கம் ஒன்று கடவுச்சொல்லே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்ததை ரெட்லாக் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. அதற்கு முன்பே யாரோ உள்ளே போய், டெஸ்லாவின் செலவில் கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நாணயம் தோண்டுகிறவர்களுக்கு உங்கள் ப்ராஜெக்டில் என்ன இருக்கிறது என்ற அக்கறை இல்லை. உங்கள் சிபியு போதும். மின்சாரக் கட்டணமும் கிளவுட் பில்லும் உங்கள் தலையில். திறந்து கிடக்கும் கதவுகளை அவர்கள் ஆள் வைத்துத் தேடுவதில்லை, நிரல் வைத்துத் தேடுகிறார்கள். டெஸ்லா கதவும் நம் கதவும் அந்த நிரலுக்கு ஒன்றுதான்.

ஹேக்கர் வரவேண்டும் என்பதுகூட இல்லை. ஒரு துறையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கிளஸ்டர், ஆளுக்கு ஒரு நேம்ஸ்பேஸ் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒருவர் நிறுவிய கருவிக்குக் கிளஸ்டர்-அட்மின் அதிகாரம் இருந்தால், அவர் நேம்ஸ்பேஸ் பெயரை மாற்றி அடித்த ஒரு தவறான கட்டளை பக்கத்து பெஞ்சின் இறுதியாண்டு ப்ராஜெக்டை வைவாவுக்கு முந்தின நாள் துடைத்துவிடும். சரியான அனுமதி வைத்திருந்தால் அதே கட்டளைக்கு 'அனுமதி இல்லை' என்ற ஒரு வரி பதில் வந்திருக்கும். அனுமதி பிரிப்பதில் பாதி திருடனுக்கு எதிரானது. மீதிப் பாதி நம்முடைய தூக்கக் கலக்கத்துக்கு எதிரானது.

சரி, எப்படித்தான் நிறுவுவது?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நன்றாக இருக்காது. நான் சரி என்று நினைக்கிற வரிசை இது.

1. முதல் கிளஸ்டர் உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கட்டும். மினிகியூபுக்கு 2 சிபியு, 2 ஜிபி காலி நினைவகம், 20 ஜிபி வட்டு இடம் போதும். டாக்கர் ஏற்கனவே இருந்தால் கைண்ட் இன்னும் எளிது, அது ஒவ்வொரு நோடையும் ஒரு டாக்கர் கன்டெய்னராகவே ஓட்டுகிறது. உடைந்தால் அழித்துவிட்டு நிமிடங்களில் இன்னொன்று. கருவி பழக இதைவிட நல்ல மைதானம் இல்லை.

2. நிறுவும் ஸ்கிரிப்டை இறக்கிய கையோடு ஷெல்லுக்குள் ஊற்றாதீர்கள். முதலில் கோப்பாக இறக்குங்கள், திறந்து படியுங்கள், பிறகு ஓட்டுங்கள். ஹெல்ம் வெளியீடுகளோடு செக்சமும் கிடைக்கிறது. கியூப்சிடிஎல் பதிப்பு கிளஸ்டரின் பதிப்பிலிருந்து ஒரு மைனர் எண்ணுக்கு மேல் முன்னேயோ பின்னேயோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. எந்தக் கிளஸ்டரோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். கணினியில் கியூப்கான்ஃபிக் என்ற ஒரே கோப்பில் பல கிளஸ்டர்களின் முகவரியும் சாவியும் இருக்கும். இப்போது எது என்பதை 'கரன்ட் கான்டெக்ஸ்ட்' தீர்மானிக்கிறது. மினிகியூபைத் தொடங்கினால் அது தன்னை கரன்ட் ஆக்கிக்கொள்ளும். கிளவுட் கிளஸ்டரின் சாவியை இறக்கினால் பெரும்பாலும் அது தன்னை ஆக்கிக்கொள்ளும். ஆகவே 'லோக்கலில்தானே அடிக்கிறேன்' என்பது உங்கள் மனதில் இருப்பது, கோப்பில் இருப்பது வேறாக இருக்கலாம். அந்தக் கோப்பை கிட்டில் ஏற்றுவதும், ஏடிஎம் அட்டையின் முதுகில் பின் நம்பரை எழுதி பஸ் ஸ்டாண்டில் வைத்துவிட்டு வருவதும் ஒன்று.

4. நிறுவும் முன் 'ஹெல்ம் டெம்ப்ளேட்' கட்டளையை ஓட்டுங்கள். சார்ட் கடைசியில் என்னென்ன யாமலாக மாறப்போகிறது என்று அப்படியே காட்டும், கிளஸ்டரைத் தொடாது. அதில் குறிப்பாகத் தேடவேண்டியது கிளஸ்டர்ரோல், கிளஸ்டர்ரோல்பைண்டிங் என்ற இரண்டு சொற்கள். அவை இருந்தால் நிறுத்தி, எதற்கு என்று கேளுங்கள். இமேஜ்கள் யார் கிடங்கிலிருந்து வருகின்றன என்றும் பாருங்கள். 2025ல் பிட்னாமி தன் இலவச இமேஜ்களில் பெரும்பாலானவற்றைப் பழைய கிடங்குக்கு மாற்றியபோது, அவற்றை நம்பியிருந்த சார்ட்கள் பலரையும் திண்டாடவைத்தன.

5. தனி நேம்ஸ்பேஸ், தனி சர்வீஸ் அக்கவுன்ட், அந்த நேம்ஸ்பேஸுக்கு மட்டுமான ரோல். கொடுத்துவிட்டு 'கியூப்சிடிஎல் ஆத் கேன்-ஐ' கட்டளையால் சோதியுங்கள். இந்த ஆள் இதைச் செய்யலாமா என்று கேட்டால் ஆம், இல்லை என்று பதில் வரும். 'இல்லை' வரவேண்டிய இடங்களில் வருகிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம்.

6. நிறுவியதை ஒரு தடவை நீக்கியும் பாருங்கள். ஹெல்மில் அன்இன்ஸ்டால் செய்தாலும் சார்ட் கொண்டுவந்த சிஆர்டிகள் போகாது. ஸ்டேட்ஃபுல்செட் உருவாக்கிய வட்டுகளும் இயல்பாக அங்கேயே இருக்கும். வேல்யூஸில் கடவுச்சொல் கொடுத்தீர்கள் என்றால், ரிலீஸ் இருக்கும்வரை அதன் கணக்கு சீக்ரெட்டில் அதுவும் பத்திரமாக இருக்கும். 'சீக்ரெட்' என்ற பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம். அது பேஸ்64 குறியீடு மட்டுமே, படிக்க அனுமதி உள்ள எவரும் பிரித்துப் படிக்கலாம்.

இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு சனிக்கிழமை மதியம் போதும். 'இதைப் படித்துக்கொண்டிருந்தால் ப்ராஜெக்ட் எப்போது முடிப்பது' என்கிறவர்களுக்கு ஒரு பதில்: உங்கள் செயலிக்கு நாலைந்து யாமல் கோப்புதான் என்றால் ஹெல்மும் வேண்டாம், ஆர்கோவும் வேண்டாம். கியூப்சிடிஎல் அப்ளை போதும். கொஞ்சம் மாற்றங்கள் வேண்டுமென்றால் 2019ல் வந்த 1.14லிருந்தே கஸ்டமைஸ் கியூப்சிடிஎல்லுக்குள்ளேயே இருக்கிறது. ரெஸ்யூமேயில் ஒரு வரி கூடவேண்டும் என்பதற்காகக் கிளஸ்டருக்குள் ஒரு நிரந்தரக் குடியிருப்பாளரைக் கொண்டுவரவேண்டியதில்லை.

நம் பாடத்திட்டங்களிலும் பயிற்சி வகுப்புகளிலும் 'டூல் தெரியுமா' என்றுதான் கேட்கிறார்கள். இன்டர்வியூவிலும் அதே. எந்த டூலும் நாலு வருடத்தில் மாறிவிடும். டில்லரை மனப்பாடம் செய்தவர்களுக்கு 2019க்குப் பிறகு அந்த அறிவால் ஒரு பயனும் இல்லை. ஆனால் டில்லரைப் பார்த்து 'இது யார் பெயரில் வேலை செய்கிறது, அதன் கதவு எங்கே, அந்தக் கதவை யாரெல்லாம் தட்டலாம்' என்று கேட்கப் பழகியவர்களுக்கு ஆர்கோ சிடி புரிய அரைமணி நேரம் போதும். அடுத்து வரப்போகும், இன்னும் பெயர்கூட வைக்காத கருவிக்கும் அதே மூன்று கேள்விதான். செமினாரில் யாராவது ஒரு புதுக் கருவியைக் கிளஸ்டரில் ஏற்றிக் காட்டினால், கைதட்டிய பிறகு இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள். கேட்டதற்குப் பதில் தெரியாவிட்டால், அந்தக் கருவி இன்னும் கொஞ்ச நாள் மினிகியூபிலேயே இருக்கட்டும்.